கராஜுக்கு ஒரு முன்வாசல்

கராஜைத் திருத்தி அதற்குள் குடிபோகப் போகிறேன் என்று நான் சொன்னதும் மகள் அழுதாள், தம்பி கோபித்துக்கொண்டான், எதிர்வீட்டுக்காரிக்கு ஒரு கிழமைக்குக் கதைக்க விஷயம் கிடைத்தது. இத்தனைக்கும் நான் சொன்னதில் பெரிய புதுமை எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு மகளுக்குத்தான். பெற்றவர்கள் வீட்டு உறுதிப் பத்திரத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள் பின்பக்கமாக ஒரு சின்ன வீட்டிலோ சாய்ப்பாக இறக்கிய பத்தியிலோ ஒதுங்கிக்கொள்வார்கள். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். வேறு ஊர்களில் பெண் புகுந்த வீட்டுக்குப் போகும்போது அழுவாளாம். எங்கள் ஊரில் இடம் மாறுகிறவள் தாய், அதுவும் அழாமல்.

எனக்கு ஒரே மகள், ஒரே வீடு. கல்லடியில் பெரிய வீதியிலிருந்து வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. வீடு வளவின் நடுவில். முன்மூலையில், ஒழுங்கையை ஒட்டினாற்போல், வீட்டோடு சேராமல் தனியாக நிற்பது கராஜ். அப்பா தன்னுடைய காருக்காகக் கட்டியது. எங்களுக்கென்று கட்டிய வீட்டில் சுவர் ஒற்றைக் கல், காருக்கென்று கட்டியதில் இரட்டைக் கல். வீட்டுக் கூரை ஒழுகினால் அம்மா சட்டி வைப்பார். கராஜ் ஒழுகினால் அப்பா அன்றைக்கே ஏணி வைப்பார். அதைப்பற்றி நாங்கள் யாரும் முறையிட்டதில்லை. காரும் நல்ல கார்தான்.

அந்தக் காரைச் சண்டைக் காலத்தில் ஒருவர் இரவல் கேட்டார். கேட்டவரின் தோளில் துவக்கு இருந்ததால் அப்பா கார்த் திறப்பை எடுத்துக் கொடுத்தார். கார் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு கராஜில் தேங்காய் கிடந்தது, வயலிலிருந்து வந்த நெல் மூட்டை கிடந்தது, கால் உடைந்த கதிரைகள் கிடந்தன. கடல் ஊருக்குள் வந்தபோதுகூட அந்தச் சுவரில் ஒரு வெடிப்பு விழவில்லை. வாவிக் காற்று வீட்டுச் சுவரை எல்லாம் தின்றுகொண்டிருக்க, கராஜ் மட்டும் அப்பா விட்டுப்போன மாதிரியே நின்றது.

நான் மருத்துவமாதாக வேலைசெய்து ஓய்வுபெற்றவள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் ஊரில் யாரும் இல்லை. எல்லோருக்கும் நான் மிஸ்ஸி. பென்சனில் வந்த பிறகும் ஒழுங்கைப் பெண்கள் என்னை விடவில்லை. கால் வீங்கினால் வருவார்கள், பால் கட்டினால் வருவார்கள், மாமியாரோடு கொளுவிக்கொண்டால் அதற்கும் வருவார்கள். குழந்தைகளைத் தொங்கவிட்டு நிறுக்கிற பழைய தராசு ஒன்று என்னிடம் இருக்கிறது. கிளினிக் நாள் வரும்வரை பொறுக்கமாட்டாத தாய்மார் பிள்ளையைக் கொண்டுவந்து அதில் போட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நித்திரைகொள்வார்கள். அத்தனை பேரும் முன்வாசலால் வந்தவர்கள். ஒருத்திகூட இன்னொருவர் அடுப்படியைத் தாண்டி என்னிடம் வந்ததில்லை.

என் அம்மாவுக்கு அப்படி அமையவில்லை. இந்த வீட்டை எனக்கு எழுதித் தந்துவிட்டு, குசினிக்குப் பின்னால் இறக்கிய பத்தியில் அவர் இருந்தார். பத்தியின் வாசல் என் குசினிக்குள் திறந்தது. அவரைத் தேடி வருகிறவர்கள் முதலில் என்னைக் கேட்டு, என் விறாந்தையைக் கடந்து, என் அடுப்பைக் கடந்து போகவேண்டும். கொஞ்சக் காலத்தில் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் அம்மா கையில் கத்தியோடு வந்து குசினி வாசலில் நின்றார்.

"மகள், ஒரு வாழ இல வெட்டட்டா?"

கராஜ் சுவரோரம் நிற்கிற வாழைகள் அவர் நட்டவை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்கட மரத்துக்கு எங்கிட்ட ஏன் கேக்கிறீங்க?" என்று ஏசினேன். அம்மா சிரித்துக்கொண்டே போய் வெட்டினார். அடுத்த முறை இலை தேவைப்பட்டபோது திரும்பவும் வந்து கேட்டார். அதற்கு அடுத்த முறையும் கேட்டார். நான் மோசமான மகள் இல்லை, அவரும் குத்திக்காட்டுகிறவர் இல்லை. நான் எவ்வளவு ஏசினாலும் உறுதியில் இருப்பது யாருடைய பெயர் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே மகளுக்குக் கலியாணம் பேசி முற்றானதும் நான் என்ன செய்யவேண்டும் என்று நெடுநேரம் யோசிக்கவில்லை. வீட்டைக் கொடுப்பேன், சந்தோசமாகக் கொடுப்பேன். பின்னால் மட்டும் போகமாட்டேன். முன்னால் போவேன். கராஜுக்கு ஒழுங்கையைப் பார்த்து ஒரு வாசல், தனி அடுப்பு, தனிக் குளியலறை. வளவுக்குள் இரண்டு வீடு இருக்கவேண்டும், ஒரு வீடும் அதன் பின்பக்கமுமாக இருக்கக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது இது ஒன்றுதான், அதில் விட்டுக்கொடுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

"அம்மாவக் கராஜுக்குள்ள போட்டுட்டாள் எண்டு சொல்லுவாங்க," என்றாள் மகள். பாடசாலையில் படிப்பிக்கிறவள், ஊர் வாய்க்கு நன்றாகப் பயந்தவள்.

"நான் என்ன காரா, போட்டு வைக்க? நானாத்தானே போறன்."

"சனத்துக்கு அது விளங்குமா?"

"சனத்துக்கு விளங்கப்படுத்தவா நான் வீடு திருத்துறன்?"

அதற்குத்தான் அழுதாள். அழுகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்தவள். பசியா, வலியா, பிடிவாதமா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். இது பிடிவாதம் என்று தீர்மானித்து, தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு மேசனுக்குப் போன் எடுத்தேன்.

மேசன் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆள். மோட்டார் சைக்கிளில் மண்முனைப் பாலத்தால் வருவார். கெட்டிக்காரர், கை சுத்தமானவர், ஆனால் மழை விழுந்து வயல் வட்டையில் உழவு தொடங்கியதென்றால் சாந்துக் கரண்டியைப் போட்டுவிட்டுக் கமக்காரனாகிவிடுவார். அதனால் மாரிக்கு முந்தி வேலை முடியவேண்டும். கலியாணமும் அதற்கு முந்தித்தான்.

முதல் மல்லுக்கட்டு தரையோடு. அப்பாவின் கார் அத்தனை வருசம் சொட்டிய ஒயில் முழுவதும் அந்தச் சீமெந்துக்குள் ஊறிப்போய்க் கிடந்தது. சவுக்காரத் தூள் போட்டுத் தேய்த்தோம், மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தோம். மேலே பூசிய சாந்து காய்ந்ததும் அப்பளம் போலக் கழன்று வந்தது. மேசன் இன்னொரு தடவை பூசிப் பார்க்கலாம் என்றார். நான் முழுத் தரையையும் கொத்திக் கிளப்பச் சொன்னேன். கொத்தினால் செலவு என்றார். கொத்தாவிட்டால் நான் வருசக்கணக்காகக் கார் போல மணக்கவேண்டிவரும் என்றேன். கொத்தினார்கள்.

நடுவில் ஒரு குழி. காருக்குக் கீழே இறங்கி வேலைசெய்ய அப்பா வெட்டுவித்து, பலகை போட்டு மூடி வைத்தது. பலகையைக் கிளப்பினால் கறுப்புத் தண்ணீர், அதற்குள் குடும்பமாகத் தவளைகள். வாவியில் தண்ணீர் ஏறினால் எங்கள் ஒழுங்கைக் கிணறுகளில் ஏறும், அந்தக் குழியிலும் ஏறும். இறைத்து முடிந்ததும் மேசன் ஒரே தடவையில் மண்ணைக் கொட்டி மூடப் பார்த்தார். நான் கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கல்லுடைசலைப் போட்டு இடி, கிறவல் மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி இடி, மணலைப் போட்டு இடி. ஒவ்வொரு படைக்கும் இடிக்க வைத்தேன். "மிஸ்ஸி, வாட்டில இருந்த மாதிரியே இரிக்கிறீங்க," என்றார் மேசன். அவருடைய மனைவிக்குப் பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தது நான்தான். அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை, நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கூரையின் வளைமரத்தில் ஒரு இரும்பு வளையம் தொங்கியது. எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்க அப்பா அடித்தது. தலையில் இடிக்கும், அரிந்துவிடுவோம் என்றார்கள். நான் அந்த வளையத்தைப் பிடித்து முழுப்பாரத்தோடும் தொங்கிப் பார்த்தேன். வளை முனகக்கூட இல்லை. "அத விடுங்க, எனக்கு வேல இரிக்கு," என்றேன். எஞ்சினைத் தாங்கியது பிள்ளைகளைத் தாங்காதா. தராசுக்கு இடம் கிடைத்துவிட்டது.

கராஜின் பெரிய கதவுகள் இரண்டு சிறகு, முதிரை மரம். தச்சு வேலைக்குக் காத்தான்குடியிலிருந்து ஓடாவி வந்தார். எங்கள் பக்கம் தச்சரை ஓடாவி என்றுதான் சொல்வது. கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மரம் இப்ப எங்க மிஸ்ஸி கிடைக்கும்," என்றார். ஒரு சிறகை அரிந்து வாசல் நிலையும் கதவும் செய்யத் தீர்மானித்தோம். மற்றச் சிறகைச் சுவரில் சாத்தி வைத்தோம். பெரிய கதவு நின்ற அகலமான இடைவெளியைக் கல் வைத்து அடைத்து, அதில் என்னுடைய முன்வாசல் வரவேண்டும். வீட்டைப் பார்த்த சுவரை உடைத்து ஒரு யன்னல் வரவேண்டும், மகளின் விறாந்தையை நான் கதிரையில் இருந்தபடியே பார்க்கலாம். வாசல் வரவேண்டிய இடத்தில் நானே சோக்குக் கட்டியால் கீறிவிட்டேன். ஒரு குழந்தைக்கும் விளங்கக்கூடிய கீறல்.

நிலை வைக்க நாள் பார்த்தான் தம்பி. தாய்மாமன் என்றால் எங்கள் பக்கத்தில் சும்மா இல்லை. மகளின் கலியாணத்தில் அவன் சொல்லுக்குத் தனி மரியாதை இருக்கிறது, அதை அவன் மறப்பதும் இல்லை. நல்ல நேரம் விடியற்காலையில் வந்தது. அவனும் அவன் மனைவியும் சோடியாக நின்று வைப்பார்கள். நான் அந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது என்று தம்பி மெதுவாகச் சொன்னான். புருசன் போய்ச் சில வருசமாகிவிட்ட பெண் நிலையைத் தொடக்கூடாது. இந்த ஒழுங்கையில் பாதிப் பேரை உலகத்துக்குள் முதலில் தொட்டு எடுத்த கை இது. அந்தக் கைக்கு ஒரு மரச்சட்டத்தைத் தொட ஆகாதாம். வாய்க்குள் வந்ததை விழுங்கிக்கொண்டேன். நாளைக்கு மகளுக்கு ஒரு தலையிடி வந்தாலும் இதைத்தான் சொல்வார்கள், கலியாணம் முடியட்டும் என்று குசினியில் நின்று தேத்தண்ணீர் போட்டேன்.

தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, தட்டில் தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு போனேன். நிலை நின்றது. சந்தனம், குங்குமம், மாவிலை எல்லாம் கட்டி அழகாக நின்றது. வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. யன்னலுக்கென்று உடைத்த இடத்தைத் தரைவரை இறக்கி அங்கே நிலையை வைத்திருந்தார்கள். நான் சோக்கால் கீறிய இடத்தில் யன்னலுக்குக் கல் அடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"இது யன்னலுக்கு உடச்ச இடம்," என்றேன்.

"அக்கா, நீங்க மாறிச் சொல்லிட்டீங்க," என்றான் தம்பி, மிகவும் கனிவாக. "மேசன் நேத்துப் பின்னேரம் என்னட்டக் கேட்டார். நானும் யோசிச்சுப் பாத்துத்தான் சொன்னன். ஆராவது தாய்க்கு ரோட்டப் பாத்து வாசல் வைப்பாங்களா?"

மேசன் தலையாட்டினார். அவருக்கும் அப்படித்தான் பட்டதாம். தம்பியின் மனைவிக்கும் அப்படித்தான். அவர்கள் என்னை ஏமாற்றவில்லை. என்னைத் திருத்தியிருந்தார்கள். ஏமாற்றியிருந்தால் நன்றாக ஏசியிருப்பேன். நான் சொன்னதை ஒருவர்கூட உண்மை என்று நினைக்கவில்லை என்பதற்கு எப்படி ஏசுவது என்று எனக்குத் தெரியவில்லை. தட்டைக் கீழே வைத்தேன்.

"கிளப்புங்க," என்றேன்.

நிலைக்கு அடியில் நவதானியமும் காசும் மஞ்சள் துணியும் போய்விட்டன. மேசன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வச்ச நிலையக் கிளப்ப என்ட கை வராது மிஸ்ஸி. கலியாணமும் கிட்ட வந்திட்டு." நான் அவருக்குப் பதில் சொல்ல வாயெடுத்தபோது மகளைப் பார்த்தேன். வாழைகளுக்குப் பக்கத்தில் நின்றாள், முகத்தில் இரத்தம் இல்லை. எனக்கு இந்தப் பயம் எதுவும் கிடையாது, ஆனால் அவளுக்கு இருக்கிறது. அந்த நிலையைப் பிடுங்கினால் இனி அவள் வாழ்க்கையில் வருகிற ஒவ்வொரு இடறலுக்கும் அவளே இந்தக் காலையைத்தான் நினைப்பாள். அதை என்னால் அவளுக்குச் சீதனமாகக் கொடுக்கமுடியாது.

"சரி, கிளப்ப வேணா," என்றேன்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. தம்பி ஒரு கிளாசை எடுத்தான், பலகாரத் தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அப்ப ஓடாவிக்குச் சொல்லி அனுப்பணும்," என்றேன். "மத்தச் சிறகையும் அரிஞ்சு இன்னொரு நிலை செய்யச் சொல்லி. ரோட்டுப் பக்கம் அடுக்கின கல்லைக் கழட்டுங்க."

தம்பி தேத்தண்ணீரைக் குடித்து முடிக்காமலே போனான். பிறகு அவன் கலியாணம் வரைக்கும் என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தான். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அன்று பின்னேரம் மகள் கராஜுக்குள் வந்து, புதுத் தரைக்கென்று குவித்திருந்த மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊர், சனம், கதை என்று பழைய பாட்டைப் பாடப்போகிறாள் என்று பார்த்தேன். அவள் அதைச் சொல்லவில்லை.

"அங்கால வாசல் வச்சா, நீங்க வளவுக்குள்ள வராமலே போய் வருவீங்க," என்றாள். "உங்களக் காணாமலே எனக்கு ஒரு நாள் போயிடும்."

பிடிவாதம் என்று நான் தீர்மானித்த அழுகை வலியாக இருந்திருக்கிறது. அத்தனை வருச அனுபவம் சொந்தப் பிள்ளையிடம் வேலைசெய்யவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு என் அம்மாவையும் வாழை இலையையும் சொன்னேன். பத்தியின் வாசல் எங்கே திறந்தது என்று சொன்னேன். அவளுக்கு அந்தப் பத்தி நினைவில்லை, அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அதை இடித்துக் கிணற்றடிக்குச் சீமெந்து போட்டுவிட்டோம்.

"நான் உன்னட்ட வந்து இல கேக்கக் கூடா. கேட்டா நீ தருவாய். அதுதான் எனக்கு வேணா."

"நான் அப்பிடி நினைப்பனா அம்மா?"

"நானும் நினைக்கல்ல. அம்மாதான் நினைச்சா."

அவள் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து போனாள். எனக்கு விளங்கியதெல்லாம் அவளுக்கு விளங்கியதா என்று தெரியவில்லை. அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. வாசலை வைத்துவிடலாம், அது என் கையில் இருக்கிறது. அவள் அந்த வாசலை ஒரு வாசலாக எடுக்காவிட்டால், நான் வைத்தது வெறும் மரம்தான்.

இரண்டாவது நிலைக்கு நாள் பார்க்கவில்லை. ஓடாவி ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். மேசன் தயங்கித் தயங்கி, "நேரம் என்ன மிஸ்ஸி?" என்று கேட்டார். "நீங்க காலச் சாப்பாடு சாப்பிட்டு முடிஞ்ச நேரம்," என்றேன். நவதானியத்தையும் காசையும் மஞ்சள் துணியையும் நானே போட்டேன். நிலையின் ஒரு காலை நான் பிடித்தேன், மற்றதைப் பிள்ளையை நிறுக்க வந்த ஒருத்தி, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி பிடித்தாள். மேசன் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துச் சரி என்றார். தேங்காயையும் நான்தான் உடைத்தேன். நேர் பாதியாக உடைந்தது, நான் அதற்குப் பெரிய அர்த்தம் எதுவும் கொடுக்கவில்லை, மேசன் கொடுத்தார். மகள் பாடசாலைக்குப் போயிருந்தாள். வேண்டுமென்றேதான் போயிருந்தாள்.

கலியாணம் சித்தாண்டிக் கோயிலில் நடந்தது. மருமகன் அமைதியான பிள்ளை, கேட்டதற்குப் பதில் சொல்வார், கேட்காததற்குச் சிரிப்பார். உறுதி எழுதும்போது, கராஜ் நிற்கிற துண்டை உங்கள் பேரிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டொருவர் சொன்னார்கள். நான் வளவு முழுவதையும், கராஜையும் வாழைகளையும் சேர்த்து, மகளுக்கு எழுதினேன். பேப்பரில் ஒரு துண்டைப் பிடித்து வைத்துக்கொண்டு நான் அங்கே வீட்டுக்காரி என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவள் என்னை வீட்டுக்காரி என்று நினைத்தால் இருப்பேன், நினைக்காவிட்டால் உறுதி எதற்கு.

பால் காய்ச்சிய அன்று கராஜ் அழகாக இருந்தது என்று நானே சொல்லிக்கொள்ளலாம். ஓடு மாற்றி, உள்ளே வெள்ளை அடித்து, தரைக்குச் சிவப்புச் சீமெந்து போட்டிருந்தோம். கூரை பதிந்து தாழ்வாக இருந்ததால் மேலே விசிறி பூட்டமுடியவில்லை, சுவரில் பூட்டினோம். வளையத்தில் தராசு. மழைக் குணம் காட்டும் நாட்களில் மட்டும் எங்கோ ஒரு மூலையில் இருந்து மெல்லியதாக ஒயில் மணக்கும், அதை அப்பாவின் பங்கு என்று விட்டுவிட்டேன். மகள் வந்தாள், பால் பொங்கியதைப் பார்த்தாள், பொங்கல் சாப்பிட்டாள். வந்ததும் போனதும் வீட்டுப் பக்கத்து வாசலால்.

அதற்குப் பிறகும் அப்படித்தான். மத்தியானம் ஆனால் மூடின கோப்பையில் சோறு வரும். தட்டாமல் கதவைத் திறந்து, மேசையில் வைத்துவிட்டு, நான் கொடியில் போட்ட உடுப்பையும் மடித்து வைத்துவிட்டுப் போவாள். நான் சமைத்து வைத்திருப்பதை அவள் பார்ப்பதே இல்லை. அன்பு இல்லாமல் யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள், அது எனக்குத் தெரியும், அதனால்தான் வாய் திறக்க முடியவில்லை. கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காமல் என்னுடைய கறியில் கொஞ்சம் வைத்துக் கொடுப்பேன். அடுத்த நாளும் கோப்பை வரும். அந்தக் கதவின் தாழ்ப்பாளை நான் ஒரு நாளும் போடவில்லை. போட்டால் அவள் உடைந்துபோவாள். போடாததால் நான் அம்மாவின் பத்திக்குள் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தேன், என்ன, சுவர்தான் தடிப்பம்.

ஒரு மத்தியானம், பால் கட்டிக் காய்ச்சலோடு வந்த ஒரு புதுத் தாயைக் கட்டிலில் இருத்தி, சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை தராசில் தொங்கிக்கொண்டு கத்தியது. மகள் வழக்கம் போலக் கோப்பையோடு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். அந்தத் தாய் பதறிப்போய்ச் சீலையை இழுத்துப் போர்த்தினாள், கண்ணீர் வந்துவிட்டது. மகள் அவளைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள், திரை இழுத்துவிட்ட ஒழுங்கைப் பக்கத்து வாசலையும் திரைக்குக் கீழே தங்கள் முறைக்காகக் காத்திருந்த செருப்புகளையும் பார்த்தாள். கோப்பையோடு திரும்பி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

அதன்பிறகு கோப்பை வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. யன்னல் வரவேண்டிய இடத்தில் கதவு இருப்பதால் விறாந்தையில் அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை. கோபித்துவிட்டாள் என்று நினைத்தேன். என் சோற்றை நானே போட்டுச் சாப்பிட்டேன். நான் கேட்டது இதுதான், ஆனாலும் அந்தச் சோற்றில் பாதியைக் காகத்துக்குத்தான் வைத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் முன்கதவில் தட்டிய சத்தம் கேட்டது. ஒழுங்கைப் பெண்கள் தட்டுவதில்லை, தூரத்திலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வருவார்கள். போய்ப் பார்த்தேன். மகள் நின்றாள். தலை இழுத்துக் கட்டி, வெளியே போகிற சீலை உடுத்து, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் போட்ட பை. தன்னுடைய வீட்டுக் கடப்படியால் வெளியே இறங்கி, ஒழுங்கையால் நடந்து வந்திருக்கிறாள். எதிர்வீட்டுக்காரி படலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள். நன்றாகப் பார்க்கட்டும் என்று மகளும் அவசரப்படாமல் செருப்பைக் கழற்றினாள்.

"மிஸ்ஸி நிக்கிறாவா?" என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"நிக்கிறா. வாங்க, வந்து இரிங்க," என்றேன்.

கதிரையைக் காட்டினேன், இருந்தாள். கையிலிருந்த பையைத் தந்தாள். அந்த அறையை இதற்குமுன் பார்க்காதவள் போலத் தரையையும் கூரையையும் பார்த்தாள். நான் தேத்தண்ணீர் போட்டேன், அவள் எழுந்து வந்து உதவவில்லை, விருந்தாளி மாதிரி இருந்தாள். கிளாசைக் கையில் கொடுத்த பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"நாளைக்கு அவரட வீட்டாக்கள் வாறாங்க. எங்கட வீட்ட சாப்பாடு. நீங்களும் வரணும் அம்மா. சொல்லிட்டுப் போக வந்தன்."

எங்கட வீட்ட என்றாள். உறுதி எழுதி மாதங்கள் போய்விட்டன, என் முன்னால் அவள் அப்படிச் சொன்னது அன்றுதான். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு இடம் வலித்தது. நான் பிறந்த வீடு, நான் பிள்ளை பெற்ற வீடு. அந்த வலியோடேயே பெரிய ஆறுதலும் வந்தது. அவளுக்கு ஒரு வீடு இருக்கிறது, எனக்கு ஒன்று இருக்கிறது, இனி நாங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வரலாம்.

"வாறன்," என்றேன்.

அவள் எழும்பி வாசல்வரை போய், திரும்பி நின்றாள்.

"உங்கட வாழையில கொஞ்சம் இல வெட்டட்டா? நாளைக்கு இலையில போடுவம் எண்டு."

உறுதிப்படி அந்த வாழைகள் அவளுடையவை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மாவுக்கு நான் சொன்ன பதில் நாக்கு நுனிவரை வந்தது. உன்ட மரத்துக்கு என்னட்ட ஏன் கேக்கிறாய். அதை அப்படியே விழுங்கினேன்.

"வெட்டு," என்றேன். "நுனி கிழியாமப் பாத்து வெட்டு. குருத்துல கை வைக்காத."

"ஓம்," என்றாள்.

கத்தி கொண்டுவந்திருக்கவில்லை. என்னுடையதை எடுத்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் மறக்காமல் கொண்டுவந்து தரச் சொன்னேன். தந்தாள், முன்வாசலால் வந்து.